கெவின் சொன்ன பெயர்

ரஹீம் பாய் காகிதத்தைப் பார்த்து ஐந்து பேர் பெயரைப் படித்தார். ஐந்தாவது பெயர் முடிந்த பிறகும் நான் குனிந்து ஷூ கயிற்றை இறுக்கிக்கொண்டே இருந்தேன். ஆறாவதாக ஒரு பெயர் வரும் என்று காத்திருந்தேனோ என்னவோ. பாஸ்கெட்பாலில் ஐந்து பேர்தான் ஆட முடியும் என்பது எனக்குத் தெரியாதா என்ன.

விழுப்புரத்தில் ரயில்வே குடியிருப்பை ஒட்டிய மைதானம். காலை ஒன்பது மணிக்கே சிமெண்ட் தரையின் சூடு ஷூவைத் தாண்டி ஏறியது. டோர்னமெண்டின் கடைசி நாள் அது, ஃபைனல். மூன்று வருடமாகத் திண்டிவனம் அணியின் முதல் ஐந்தில் என் பெயர் இல்லாத நாளே கிடையாது. அன்றைக்கு இல்லை. என் இடத்தில் கெவின் பெயர் இருந்தது.

வேப்ப மரத்தடியில் ஓர் இரும்பு நாற்காலி. அதில் சென்னையிலிருந்து வந்தவர் உட்கார்ந்திருந்தார். அரசுத் துறை ஒன்றின் அணிக்கு அவர் பயிற்சியாளர். அந்த வருடம் அவர் ஒரே ஓர் ஆள்தான் எடுக்கப்போகிறார், எடுக்கப்படுகிறவனுக்கு விளையாட்டுக் கோட்டாவில் உத்தியோகம் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. எனக்கு வருகிற தை மாதத்தோடு வயது வரம்பு முடிகிறது. அப்பா மரக்காணம் பக்கத்தில் கடலுக்குப் போகிறவர். எனக்கோ கடலில் இறங்கினாலே வாந்தி வரும். அந்த நாற்காலிக்காரரை விட்டால் எனக்கு வேறு கதி இல்லை.

 

வாரப் பத்திரிகையில் நான் எழுதும் இந்தத் தொடரில் என் உத்தியோக வாழ்க்கையைப் பற்றி நிறைய எழுதிவிட்டேன். மேலதிகாரிகளைக் கிண்டல் செய்தாயிற்று, மாற்றல் வாங்கிய கதையெல்லாம் சொல்லியாயிற்று. அந்த உத்தியோகம் கிடைத்த கதையை மட்டும் வாரா வாரம் தள்ளிப்போட்டு வந்தேன். இனிமேல் தள்ள முடியாது.

பரோட்டா கடையில் கிடைத்தவர்

ரஹீம் பாய் கோட்டக்குப்பத்துக்காரர். துபாயில் பன்னிரண்டு வருடம் ஏசி மெக்கானிக்காக இருந்துவிட்டுத் திரும்பி, திண்டிவனத்தில் டயர் கடை வைத்தார். துபாயில் லீவு நாளெல்லாம் அறையில் படுத்துக்கொண்டு டிவியில் அமெரிக்க பாஸ்கெட்பாலைப் பார்த்துப் பைத்தியம் பிடித்துப்போனவர். எங்கள் கிளப்புக்கு அவர்தான் செயலாளர், அவர்தான் கோச். ஜெர்சிகள் துவைத்து வருவதும் அவர் வீட்டிலிருந்துதான்.

எங்கள் பக்கத்து டோர்னமெண்ட்களில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வோர் அணியும் வெளியாள் ஒருவரை ‘கெஸ்ட் பிளேயர்’ என்று சேர்த்துக்கொள்ளலாம். பெரும்பாலும் சென்னையிலிருந்து யாரையாவது பஸ் சார்ஜும் பிரியாணியும் கொடுத்துக் கூட்டி வருவார்கள். நோட்டீசில் அணியின் பெயரைவிட கெஸ்ட் பிளேயர் பெயர் பெரிதாக இருக்கும். அதைப் பார்த்துத்தான் கூட்டம் வரும்.

கோட்டக்குப்பத்துக்கு அந்தப் பக்கம், முந்திரித் தோப்புகளுக்கு நடுவே, வெளிநாட்டுக்காரர்கள் வந்து தங்கியிருந்தார்கள். அங்கிருந்து ஒருவர் மொபெட்டில் பரோட்டா வாங்க வந்தார். வண்டியில் உட்கார்ந்தால் முழங்கால் ஹேண்டில்பாரில் இடிக்கும் உயரம். பார்சலுக்குக் காத்திருந்த பாய், பந்து தட்டுவதுபோலக் கையால் காட்டிக் கேட்டிருக்கிறார். அவர் சிரித்துவிட்டு, அமெரிக்காவில் காலேஜ் டீமில் இருந்ததாகச் சொல்லியிருக்கிறார்.

அவ்வளவுதான், மறுவாரமே நோட்டீஸ் அடித்தாகிவிட்டது. ‘அமெரிக்கக் கல்லூரி அணியின் நட்சத்திர வீரர்’ என்று சிவப்பு எழுத்து. நட்சத்திரத்தைச் சேர்த்தது பாய்.

தப்பெல்லாம் தரைமேல்

கெவினுக்கு என்னைவிட ஒரு வயது குறைவு. ஆனாலும் முதல் நாளே எல்லாருக்கும் ‘கெவின் சார்’ ஆகிவிட்டார். நானும் சார் என்றுதான் கூப்பிட்டேன். இப்போது எழுதும்போதும் ‘அவன்’ என்று பேனா வர மறுக்கிறது.

திண்டிவனத்தில் முதல் நாள் பயிற்சியில் அவர் பத்துப் பந்து போட்டார். இரண்டு விழுந்தது. சிமெண்ட் தரை அவருக்குப் பழக்கமில்லை என்றோம். மறுநாள் மூன்று விழுந்தது. அங்கே தோல் பந்து, நம்முடையது ரப்பர் பந்து என்றோம். அடுத்த நாள் வெயில் காரணம், அதற்கடுத்த நாள் தண்ணீர் மாறியது காரணம். அவர் தவறவிடும் ஒவ்வொரு பந்துக்கும் நாங்களே ஓடிப்போய் ஒரு காரணம் எடுத்து வந்தோம். நான் ஒரு பந்து விட்டால் மட்டும், ராத்திரி தூங்கினியா இல்லையாடா என்று பாய் கேட்பார்.

அவர் வலது முழங்காலில் பழுப்பு நிறத்தில் ஒரு நீ-கேப் மாட்டியிருப்பார். இரண்டே வாரத்தில் திண்டிவனத்துப் பையன்கள் பாதிப் பேர் நல்ல காலில் நீ-கேப் மாட்டிக்கொண்டு ஆடினார்கள்.

செமிஃபைனலில் அவர் பந்தைத் தட்டாமல் நாலு அடி நடந்தே போனார். எங்களில் எவன் அப்படிச் செய்தாலும் டிராவல் என்று விசில் ஊதுவார்கள். ரெஃப்ரி ஊதவில்லை. நடையைக் கண்ணால் பார்த்ததை அவரே பிறகு ஒப்புக்கொண்டார். புதுசாக வந்த அமெரிக்கா ஸ்டெப்பாக இருக்கும், நமக்குத் தெரியாமல் ஊதி அசிங்கப்படக்கூடாது என்று விட்டுவிட்டாராம்.

எனக்கு ஒன்று மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. அப்போதுதான் எங்கள் தெருக்களில் கேபிள் கனெக்‌ஷன் வந்திருந்தது. அமெரிக்க ஆட்டம் எப்போதாவது காட்டுவார்கள். அதில் எம்பி எம்பிப் பந்தை வளையத்துக்குள் குத்தியவர்கள் பெரும்பாலும் எங்கள் நிறத்துக்காரர்கள். வெள்ளைக்காரர்கள் ஒருவரோ இருவரோ இருப்பார்கள், பலர் பெஞ்சில் துண்டோடு உட்கார்ந்திருப்பார்கள். அதைத் தவறாமல் பார்த்தோம். பார்த்துவிட்டு வந்து மைதானத்தில் வெள்ளைக்காரரை நம்பினோம். கண்ணால் பார்த்தது ஒரு பக்கம், பரம்பரையாக மண்டைக்குள் இருந்தது ஒரு பக்கம்.

எங்கள் அணியில் இதற்கெல்லாம் அசையாதவன் செல்வம் ஒருவன்தான். முகையூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருவான். பையில் அவித்த மல்லாட்டை இருக்கும் (வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பெயர்), ஆட்டம் முடிந்ததும் எல்லாருக்கும் ஆளுக்கொரு பிடி கொடுப்பான். பேசவே மாட்டான். எதிர் அணியில் எவன் நன்றாக ஆடுகிறானோ அவன்மேல் ஒட்டிக்கொண்டு அவனை ஆடவிடாமல் செய்வதுதான் அவன் வேலை. இப்படி ஆடுகிறவனுக்குக் கைதட்டு கிடைக்காது. அவனுக்கும் உத்தியோகம் தேவைதான். ஆனால் வயது வரம்புக்கு இன்னும் இரண்டு வருடம் இருந்தது. இந்தக் கணக்கை அப்போது நான் அடிக்கடி போட்டுக்கொண்டேன்.

கிளியனூரில் நின்ற பஸ்

கெவினைக் கூட்டி வந்து கூட்டிப் போகும் பொறுப்பு என்னுடையது. டிகிரி முடித்தவன், இங்கிலீஷ் வரும் என்று பாய் என் தலையில் கட்டினார். கெவினுக்கும் தமிழ் ஓரளவு வரும். முந்திரித் தோப்புப் பக்கம் இரண்டு வருடமாகப் பள்ளிக்கூடம் ஒன்றில் உதவிக்கு இருந்தார். பேசுவதற்குக் கூச்சப்படுவார், ஆனால் காதில் விழுவது புரியும்.

ஃபைனலுக்கு முதல் நாள் சாயங்காலம் பாண்டி ரோட்டில் பஸ் பழுதாகிக் கிளியனூரில் நின்றுவிட்டது. வேறு பஸ் வரும்வரை டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். கடைக்காரர் கெவினுக்கு மட்டும் கிளாஸை வெந்நீரில் இரண்டு தடவை கழுவினார். அதைப் பார்த்துக்கொண்டே இருந்த கெவின் திடீரென்று பேச ஆரம்பித்தார்.

அவர் சொன்னதில் எனக்குப் புரிந்தது இது. காலேஜ் டீமில் இருந்தது நிஜம். மூன்று வருடம் இருந்தார். மூன்று வருடமும் பெஞ்சில் இருந்தார். ஆட்டம் எப்படியும் ஜெயித்தாகிவிட்டது என்று ஆன பிறகு, கடைசி இரண்டு நிமிடத்துக்கு அவரை இறக்குவார்கள். கூட்டம் அவர் பெயரைச் சொல்லிக் கத்தும், வேடிக்கைக்காக. அவர் ஒரு பந்து போட்டுவிட்டால் எல்லாரும் எழுந்து நின்று சிரிப்பார்கள். தெருவில் ஆடப் போனாலும், இவன் வெள்ளைப் பையன், எம்பமாட்டான், ஓடமாட்டான் என்று ஆள் பிரிக்கும்போது கடைசியில்தான் எடுப்பார்களாம். ஓடிக் காட்டுவதற்கு முன்பே முடிவாகிவிடும்.

“இங்கேயும் அப்படித்தான்,” என்றார். “ஓடிக் காட்டுவதற்கு முன்பே முடிவு செய்துவிட்டீர்கள். வேறு மாதிரியான முடிவு.”

பிறகு என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். கை சில்லென்று இருந்தது. நாளைக்கு ஒருநாள் போகட்டும், யாரிடமும் சொல்லாதே என்றார். வாழ்க்கையில் முதல்முறையாக அவர் மைதானத்துக்குள் வரும்போது ஆட்கள் எழுந்து நிற்கிறார்களாம்.

சொல்லமாட்டேன் என்றேன். சத்தியமாக அந்த நிமிடம் சொல்லக்கூடாது என்றுதான் நினைத்தேன்.

பெஞ்ச்

அதனால் மறுநாள் ஐந்து பெயரில் என் பெயர் இல்லாதபோது என்னை அரித்தது பயம் மட்டும் இல்லை, அந்த ரகசியமும்தான்.

ஆட்டம் தொடங்கியது. எதிர் அணி விழுப்புரத்துப் பையன்கள். அவர்கள் கெவினுக்கு இரண்டு பேரை நிறுத்தினார்கள். கெவினால் அசைய முடியவில்லை. கூட்டம் கெவின், கெவின் என்று கத்தியது. நான் துண்டை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். நாற்காலிக்காரர் என் பக்கம் ஒருமுறைகூடத் திரும்பவில்லை. திரும்பினால்தான் என்ன, பெஞ்சில் உட்கார்ந்திருப்பவனிடம் எதைப் பார்ப்பார்.

இடைவேளைக்கு நாங்கள் எட்டுப் பாயிண்ட் பின்னால் இருந்தோம். பையன்கள் தண்ணீர் குடிக்கப் போனார்கள். நான் பாயைத் தனியாக இழுத்தேன்.  சொன்னேன்.

“பாய், அவரு அங்க ஆடவே இல்ல பாய். மூணு வருஷமும் பெஞ்சுல குந்திக்கினு இருந்தவரு. அவரே என்கிட்ட சொன்னாரு.”

பாய் நெற்றி வியர்வையைத் துடைத்தார்.

“தெரியும்டா,” என்றார். “பன்னெண்டு வருஷம் டிவி பாத்தவன்டா நானு. மொத நாளு அவரு பந்தப் புடிக்கிறப்பவே தெரிஞ்சுபோச்சு.”

அப்புறம் ஏன் அவரை ஆடவிட்டீர்கள், ஏன் என்னை உட்கார வைத்தீர்கள் என்று கேட்டேன்.  எனக்கு அழுகை வந்துவிட்டது, அதை மறைப்பானேன்.

“அவருக்கு ரெண்டு பேரு நிக்கிறான் பாரு. உன்ன வெளிய வெச்சதுல அவனுங்க உன்ன மறந்தே போயிட்டானுங்க, இப்ப உனக்கு எவன் நிப்பான்? அவரு உள்ள இருக்கணும். நீயும் உள்ள போ, வேற ஒருத்தன வெளிய எடுக்கிறேன். ஃபிரீயா இருப்ப. ஜல்தி, மூஞ்சியக் கழுவு.”

இறங்கினேன். பாய் சொன்னபடியே நடந்தது. இரண்டு பேர் கெவினைச் சுற்றி நின்றார்கள். எதிர் அணியின் சிறந்த ஆட்டக்காரனைச் செல்வம் மூச்சுவிட விடவில்லை. அவன் தட்டிப் பறித்த பந்தையெல்லாம் எனக்குத் தந்தான். என் முன்னால் ஆளே இல்லை. பயிற்சியில் போடுவதுபோல நின்று நிதானமாகப் போட்டேன். பதினெட்டுப் பாயிண்ட் அடித்தேன். நாலு பாயிண்ட் வித்தியாசத்தில் ஜெயித்தோம்.

கூட்டம் உள்ளே ஓடி வந்து கெவினைத் தூக்கியது.

இருபது அடி

சென்னைக்காரர் என்னை விரலால் கூப்பிட்டார். போய் நின்றேன். அவர் நோட்டில் இரண்டு பெயர் எழுதி வைத்திருந்தது தலைகீழாகத் தெரிந்தது. ஒன்று என்னுடையது, ஒன்று செல்வத்தினுடையது.

முப்பது வருடம் ஆடியவர், ஆடவைத்தவர். எத்தனையோ பையன்களைப் பார்த்த கண். அவர் தன் கண்ணை நம்பியிருக்கலாம். நம்பவில்லை. கொஞ்சம் தள்ளிக் குழாயடியில் தலையை நனைத்துக்கொண்டிருந்த இருபத்து மூன்று வயதுக் கெவினைப் பார்த்தார்.

“நீதான அவர்கிட்ட இங்கிலீஷ்ல பேசிக்கினு இருந்த? போய்க் கேட்டுக்கினு வா. உங்க டீம்ல ஒருத்தன எடுக்கணும்னா யார எடுக்கலாம், சாரு இன்னா நெனைக்கிறாருன்னு.”

தன் இங்கிலீஷை அந்த வெள்ளைக்காரரிடம் காட்ட அவருக்குக் கூச்சம். சம்பந்தப்பட்டவனையே தூது அனுப்புகிறோமே என்பது அவருக்குத் தோன்றவில்லை. வெள்ளைக்காரர் வாயிலிருந்து வந்த சொல்லை ஒருவன் மாற்றிச் சொல்லுவான் என்றும் அவர் நினைக்கவில்லை. எங்கள் ஊரில் அப்போது யாரும் நினைத்திருக்கமாட்டார்கள்.

குழாயடிக்குப் போனேன். கேட்டேன். கெவின் தலையை உதறிவிட்டு, யோசிக்கக்கூட இல்லை.

“செல்வம்,” என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு மென்மையாகச் சொன்னார். நீ நன்றாகப் போட்டாய், ஆனால் உன்னை யாரும் மறிக்கவில்லை. செல்வம்தான் இந்த ஆட்டத்தை ஜெயித்தான், அவனைப்போல மறிக்கிறவனை என் காலேஜில்கூட நான் அதிகம் பார்த்ததில்லை என்றார்.

அவர் சொன்னது சரி. எனக்கே தெரியும்.

குழாயடியிலிருந்து நாற்காலிக்கு இருபது அடி இருக்கும்.  தை மாதம் நினைவுக்கு வந்தது. அப்பாவின் படகு நினைவுக்கு வந்தது. செல்வத்துக்கு இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது என்ற கணக்கை மறுபடி போட்டேன். கெவினுக்குத் தமிழ் புரியும் என்பதும் நினைவில் இருந்தது. அதனால் நாற்காலிக்கு மிகவும் பக்கத்தில் போய், குனிந்து, மெதுவாகச் சொன்னேன்.

“என்னைத்தான் சொல்றாரு சார்.”

அவர் செல்வத்தின் பெயரை அடித்தார். அதோடு முடிந்திருக்கலாம். ஆனால் அவர் எழுந்து, பேண்டை இழுத்துவிட்டுக்கொண்டு, நேரே கெவினிடம் நடந்தார். நான் பின்னால் போனேன்.  கெவினின் கையைக் குலுக்கிவிட்டு, என் தோளில் கை வைத்து, இந்தப் பையன்தானே சார், குட் பாய்தானே என்று பாதித் தமிழும் பாதி இங்கிலீஷுமாகக் கேட்டார்.

கெவின் என்னைப் பார்த்தார். அவர் தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. 

“ஆமா சார்,” என்றார் தமிழில். “நல்ல பையன்.”

வெள்ளைக்காரர் தமிழ் பேசிய சந்தோஷத்தில் சென்னைக்காரர் அவர் கையை விடவே இல்லை.

முகையூர்

செல்வத்துக்கு அடுத்த வருடம் கிடைக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அடுத்த வருடம் அந்தத் துறையில் ஆளெடுக்கவில்லை. அதற்கடுத்த வருடமும் இல்லை. அவன் வயதும் முடிந்தது.

இப்போது முகையூர்ப் பக்கம் சொந்த நிலத்தில் மல்லாட்டை போடுகிறான், சீசனில் டிராக்டர் ஓட்டுகிறான். கஷ்டப்படவில்லை என்று எழுத ஆசை. படுகிறான். நான் பதவி உயர்வு பெற்றபோது விழுப்புரத்தில் ஒரு கல்யாணத்தில் பார்த்தோம். பக்கத்திலிருந்தவரிடம் என்னைக் காட்டி, “எங்க டீமு ஏழுமலை, அமெரிக்காக்காரரே செலக்ட் பண்ணாரு” என்று பெருமையாகச் சொன்னான். சாம்பார் இலையில் ஓடிக்கொண்டிருந்தது. நான் சாதத்தால் அணை கட்டுவதில் மும்முரமாக இருந்தேன்.

துறை அணிக்காகப் பல வருடம் ஆடினேன். நன்றாகவும் ஆடினேன், அதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் ஒவ்வொரு ஆட்டத்திலும், இன்றைக்குத் தெரிந்துவிடும், இவன் எடுத்திருக்க வேண்டிய ஆள் இல்லை என்று எவனாவது எழுந்து சொல்லிவிடுவான் என்று பயந்தபடிதான் இறங்கினேன். கெவின் அந்த இரண்டு மாதம் எங்கள் நடுவில் எப்படி நடமாடியிருப்பார் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. ரஹீம் பாய் இப்போது இல்லை. கெவின் அந்தக் கோடையிலேயே ஊருக்குப் போய்விட்டார், பிறகு தகவல் இல்லை. எனவே இதைச் சொல்வதால் கெடப்போவது என் பெயர் ஒன்றுதான். செல்வம் வாரப் பத்திரிகை படிப்பதில்லை. அவன் மகள் படிப்பாள் என்று கேள்வி. படித்துக் காட்டட்டும்.

அன்று மத்தியானம் மைதானம் காலியான பிறகு, சென்னைக்காரர் ஜீப்பில் ஏறிப் போன பிறகு, கெவின் என்னிடம் வந்தார். நான் தலை நிமிரவில்லை. அவர் எனக்காகச் சொற்களைத் தேடித் தேடித் தமிழில் பேசினார்.

“நீ என் விஷயம் யார்கிட்டயும் சொல்லல. நானும் சொல்ல மாட்டேன்.”

பக்கத்திலேயே ரஹீம் பாய் ஈர ஜெர்சிகளை மடித்துக்கொண்டிருந்தார். அவர் கை ஒரு நிமிடம் நின்றது. நான், “தேங்க்ஸ் சார்” என்றேன்.